பசை

வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி
மூன்று நாளாக இந்த அட்டையை இளக்குகிறேன்.
ஜிரோனாவில் பிப்ரவரி.
ஜன்னலுக்குக் கீழே ஒன்யார் ஆறு
சேற்று நிறத்தில், அவசரமே இல்லாமல்.

மேசையில் ஒரு கன்னியாஸ்திரீயின் குறிப்பேடு.
சோர் எலிசெண்டா. பிறந்த ஆண்டு தெரியாது.
இறந்தது காய்ச்சலில்.
மடத்துக் கணக்கில் அவளைப் பற்றி ஒரே வரி:
'சமையற்கட்டுக்கு உதவாள். சும்மா இருப்பாள்.'

காசில்லாத மடம். பலகைக்குப் பதிலாகப்
பழைய தாள்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி
அட்டை செய்திருக்கிறார் எவரோ.
கோதுமை மாவு, தண்ணீர், கொஞ்சம் படிகாரம்.
ஓரத்தை ஒரு எலி தின்றிருக்கிறது,
யாருடைய வேதம் என்று பார்க்காமல்.

முதலில் பிரிந்தது கம்பளி வியாபாரியின் கடன் பட்டியல்.
அடுத்தது திருமண ஒப்பந்தத்தில் பாதி:
மணமகள் போனாதோனா;
மணமகனைக் கத்தரி கொண்டுபோய்விட்டது.
மூன்றாவதில் என் கை நின்றது.
வலமிருந்து இடமாக, மூச்சுவிட இடமில்லாத எழுத்து.
ஓரத்தில் பத்து வட்டங்கள், கோடுகளால் கோத்தவை.
மரம் என்றால் மரம்.
ஏணி என்றால் ஏணி.

இதைப் படித்தவர்கள் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள்.
வீட்டைக் கழுதைக்கு விற்று,
தோட்டத்தைத் துணிக்கு விற்று, போனார்கள்.
தாள்கள் எடைக்குப் போயின.

படம் எடுத்து ஹைஃபாவுக்கு அனுப்பினேன்.
ஷிம்ரித் அழைத்தாள்; பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.
"முடிவில்லாத ஒன்று இருக்கிறதாம்.
அதிலிருந்து முதலில் வந்தது 'இல்லை'.
அந்த இல்லையிலிருந்துதான் மற்ற எல்லாம்.
அலெஃப், யோத், நூன். மூன்றே எழுத்து.
கடைசி இரண்டை இடம் மாற்று,
'நான்' ஆகிவிடும்" என்று சிரித்தாள்.

மெய்யை மட்டும் எழுதிவைக்கும் லிபி அது.
உயிரை வாசிப்பவர்தான் கொண்டுவர வேண்டும்.

அந்தத் தாளை உட்புறமாக மூடியிருந்தது
வெறும் வெள்ளைத்தாள் ஒன்று.
அதில் எலிப்பல் போட்ட துளை, ஒரு காசளவு.
ஆறு ஊருக்குள் வந்த ஏதோ ஒரு மழையில்
ஈரம் ஏறியிருக்க வேண்டும்.
துளை வழியே அந்த மூன்று எழுத்தும்
எதிரே இருந்த கடைசிப் பக்கத்தில் பதிந்திருக்கின்றன,
இடவலம் மாறி, தண்ணீரில் முகம் தெரிவதுபோல.

எலிசெண்டாவின் வரிகள் அங்கே வளைகின்றன.
கிணற்றைச் சுற்றிப் போகிறவர்களைப்போல
கறையைச் சுற்றிப் போகின்றன.

'இங்கே ஏதோ அழுந்தியிருக்கிறது.
இதன்மேல் எழுதமாட்டேன்.
இன்று கேட்க ஒன்றுமில்லை. கொடுக்கவும் இல்லை.
அந்த ஒன்றுமில்லாததில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்,
இடம் விடுவதற்காக.
யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி பெஞ்சு அசைந்தது.'

"படித்திருப்பாளா?" என்றாள் ஷிம்ரித்.
"அவள் அம்மா அந்தத் தெருக்காரியோ?
பாவமன்னிப்புக் கேட்க வந்த பாதிரி
காதில் போட்டுவிட்டுப் போனாரோ?"
தெரியாது.
விசாரணைக்காரர்கள் கதவு கதவாக நின்ற காலம்;
தெரிந்திருந்தாலும் எழுதியிருக்கமாட்டாள்.
அதோடு, ஆறு பக்கம் முன்னால்,
கறை படாத தாளிலும்
ஏறக்குறைய இதையேதான் எழுதியிருக்கிறாள்.
அதைச் சொன்னபோது
ஹைஃபாவில் குழாய் நின்றது.

விதிப்படி பிரிக்க வேண்டும்.
இரண்டு எண், இரண்டு பெட்டி, இரண்டு மாடி.
எழுத்து மேலே போகிறது.
அதன் நிழல் கீழே தங்குகிறது, அவளோடு.

படிவத்தில் ஒரு கட்டம்:
'இரு ஆவணங்களுக்கும் உள்ள தொடர்பு'.
பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம்
சும்மா இருந்தேன்.
பிறகு, 'பசை' என்று எழுதினேன்.
இன்னும் ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது.
'எலி' என்று சேர்த்தேன்.